ஜான்சி ராணிப் படையில் இருந்த பாட்டியைத் தேட

பாட்டி இருந்த மலாயா ரப்பர் தோட்டத்தின் பெயரை முதலில் கேட்டறியுங்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) பெண்கள் பிரிவான இந்தப் படையில் பெரும்பகுதி தோட்டத் தமிழ்ப் பெண்களே. வெறும் பெயரைக் கொண்டு தேடினால் பல லட்சுமிகள் வருவார்கள். தகப்பன் பெயர், தோட்டம், ஊர் மூன்றையும் சேர்க்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலை ஐந்தாறு விதமாக மாற்றிப் பாருங்கள். பலர் தோற்பது இங்கேதான்.

சிங்கப்பூர்ப் பயிற்சி முகாம் திறந்தது 1943 அக்டோபர் 22. அதற்கு முந்தைய தேதியுள்ள சீருடைப் படமென்றால் தேதியைச் சரிபாருங்கள்.

துப்பாக்கி ஏந்தியவர்களோடு நிறுத்தாதீர்கள். செவிலியர்களும் இந்தப் படையினரே. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ. கோப்புகளையும், சிங்கப்பூர் ஆவணக் காப்பகத்தின் வாய்மொழிப் பதிவுகளையும் பாருங்கள். பழைய படங்களை லேமினேட் செய்யவே கூடாது. பின்புற எழுத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்.