நோர்வேஜிய மொழி: புத்தகத்தைப் பேச வேண்டாம், பேச்சை எழுத வேண்டாம்

நோர்வேக்கு வந்து மொழி வகுப்பில் சேரும் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. எழுத்து வேறு, பேச்சு வேறு என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அதே பழக்கம்தான் நம்மைத் தடுமாறவும் வைக்கிறது. மேடை ஏறினாலோ செய்தி வாசித்தாலோ நாம் எழுத்துத் தமிழுக்கு மாறிவிடுவோம். மரியாதையான பேச்சு என்றால் எழுத்துக்குக் கிட்டப் போவது என்று மனதில் பதிந்து போயிருக்கிறது. நோர்வேயில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே எழுதுவதற்குத்தான் அதிகாரபூர்வ விதிகள் இருக்கின்றன, பேசுவதற்குக் கிடையாது. விரிவுரை செய்கிற பேராசிரியரும், நோயாளியைப் பார்க்கிற மருத்துவரும், நாடாளுமன்ற உறுப்பினரும் அவரவர் ஊர்ப் பேச்சிலேயே பேசுகிறார்கள். 2013 முதல் 2021 வரை பிரதமராக இருந்த எர்னா சூல்பேர்க் பேசியது பேர்கன் நகரத்துப் பேச்சு. உரைகள் நாடாளுமன்றப் பதிவேட்டில் அச்சாகும்போதுதான் எழுத்துமொழிக்கு வருகின்றன. பள்ளியில் இயன்றவரை பிள்ளைகளின் சொந்தப் பேச்சிலேயே கற்பிக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் 1878இலேயே முடிவெடுத்துவிட்டது.

ஆகவே, 'சரியான நோர்வேஜிய மொழி பேச வேண்டும்' என்று பாடப்புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிப்பதுதான் முதல் தவறு. நான் என்ற சொல்லை எழுத்துக் கூட்டினால் 'யேக்' என்று வரும். ஒஸ்லோவில் அப்படிச் சொல்பவர் எவரும் இல்லை. அங்கே அது 'யை'. அது என்பதை 'தேத்' என்று எழுதி 'தே' என்பார்கள். என்ன என்பதில் முன்னால் நிற்கும் ஹ ஒலிக்கவே ஒலிக்காது, வெறும் 'வா'. அந்த வீடு என்பதை 'ஹூசெத்' என்று எழுதி 'ஹூசெ' என்று நிறுத்துவார்கள். ஆனால் எறிந்தான் என்ற வினையை 'கஸ்தெத்' என்று எழுதினால் கடைசி எழுத்து ஒலிக்கும். பெயர்ச்சொல்லில் விழுங்கி, வினையில் சொல்ல வேண்டும். வகுப்பில் இதை அழுத்திச் சொல்வது குறைவு. தெரியாமல் இரண்டையும் ஒரே மாதிரி உச்சரிப்பவர்கள்தான் அதிகம்.

உயிரெழுத்திலும் இதே கதை. ஓ என்று நாம் வாசிக்கும் எழுத்து பல சொற்களில் ஊ ஆகும். புத்தகம் 'பூக்', சூரியன் 'சூல்'. நாம் ஒஸ்லோ என்று எழுதும் தலைநகரையே அங்குள்ளவர்கள் 'உஸ்லு' அல்லது 'உஷ்லு' என்றுதான் சொல்கிறார்கள்.

மெய்யெழுத்தில் தமிழ்க் காதுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது, அதைத்தான் வீணாக்குகிறோம். ஆங்கிலம் படித்த பழக்கத்தில், ரோம எழுத்தில் t என்ற டி-யைக் கண்டால் ட என்று சொல்லிவிடுகிறோம். நோர்வேஜிய மொழியில் அந்த எழுத்தின் ஒலி ட அல்ல, நம் த-வுக்குத்தான் நெருக்கம். நன்றி என்பது 'தக்'. நாக்கை மடித்துச் சொல்லும் ட வேறு இடத்தில் பிறக்கிறது: ஒஸ்லோவிலும் கிழக்கு, வடக்குப் பகுதிகளிலும் ர்-ஐ அடுத்து அந்த எழுத்து வந்தால் இரண்டும் சேர்ந்து ட ஆகும். பூனை 'கத்', வரைபடம் 'கட்'. வரைபடத்தை எழுதும்போது நடுவில் ர் உண்டு, சொல்லும்போது ர் தனியாகக் கேட்காது. பூனையையும் 'கட்' என்று சொன்னால் கேட்பவருக்கு அது வரைபடம்தான். இதே போல ர்-உம் ன்-உம் சேர்ந்தால் ண். குழந்தை என்பதை 'பார்ன்' என்று எழுதி 'பாண்' என்பார்கள். காலை வணக்கம் 'கு மோண்'. நோர்வேஜிய மொழி என்ற பெயரே 'நொர்ஸ்க்' என்று எழுதப்பட்டு 'நொஷ்க்' என்று ஒலிக்கிறது. ஐரோப்பாவின் மற்ற பக்கங்களிலிருந்து வருகிறவர்கள் ண, ட ஒலிகளுக்கு நாக்கைப் பழக்கச் சிரமப்படுவார்கள். நமக்கு அவை பிறந்ததிலிருந்தே இருக்கின்றன. தாராளமாகப் பயன்படுத்துங்கள். பேர்கன், ஸ்டவாங்கர் போன்ற மேற்குக் கரை ஊர்களில் மட்டும் தொண்டையிலிருந்து வரும் ர் தனியாகக் கேட்கும், ண் பிறக்காது. அங்கே குடியிருந்தால் அங்குள்ளவர்கள் சொல்கிறபடி சொல்லுங்கள்.

வேகமாகப் பேசும்போது சொற்கள் ஒட்டிக்கொள்வதையும் காதுக்குப் பழக்க வேண்டும். 'ஹார் தூ', அதாவது உன்னிடம் இருக்கிறதா, என்ற இரண்டு சொற்கள் 'ஹாரு' ஆகிவிடும். 'யை வேத் இக்கெ', அதாவது எனக்குத் தெரியாது, 'யை வேத்கெ' என்று ஓடிவிடும். இல்லை என்ற பொருள் தரும் 'இக்கெ' இப்படி ஒரு 'கெ'யாகச் சுருங்குவதைக் கவனிக்காமல் விட்டால் 'முடியாது' என்பது 'முடியும்' என்று காதில் விழும். வேலையிடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது நேர் எதிரான தவறு: காதில் விழுந்ததை அப்படியே எழுதுவது. ஊர் இளைஞர்கள் நண்பர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்போது தங்கள் பேச்சை அப்படியே எழுதுவார்கள், அதில் தப்பில்லை. அதைப் பார்த்து வேலை விண்ணப்பத்திலோ பள்ளிக்கு அனுப்பும் மின்னஞ்சலிலோ 'ஹாரு', 'வேத்கெ' என்று எழுதக் கூடாது. ஒரே ஒலியுள்ள சொற்கள் இன்னும் ஆபத்து. மூளை, விருப்பத்துடன் ஆகிய இரண்டு சொற்களும் 'யேணெ' என்றே ஒலிக்கும். முதலெழுத்து மட்டும் வேறு, அதையும் யாரும் உச்சரிப்பதில்லை. இவற்றைக் கண்ணால்தான் படிக்க வேண்டும், காதால் முடியாது.

இந்த வகையில் நோர்வேஜியர்களே அதிகம் தவறுவது 'ஓ' என்று ஒலிக்கும் இரண்டு சின்னச் சொற்களில். ஒன்று, மற்றும் என்று பொருள் தருவது. மற்றது, மூல வினைக்கு, அதாவது வாசிக்க என்பது போலக் காலம் காட்டாத வினைக்கு, முன்னால் நிற்பது. எதை எழுதுவது என்று குழம்பினால் வாக்கியத்தை இறந்தகாலத்துக்கு மாற்றிப் பாருங்கள். உட்கார்ந்து வாசிக்கிறான் என்பது 'சித்தர் ஓ லேசர்'. இறந்தகாலத்தில் 'சத் ஓ லேஸ்தெ'. இரண்டு வினைகளும் மாறினால் நடுவில் மற்றும் என்ற சொல்லை எழுத வேண்டும். வாசிக்கப் பிடிக்கும் என்பதை மாற்றினால் முதல் வினை மட்டும்தான் மாறும், வாசிக்க என்பது அப்படியே நிற்கும். அங்கே மற்றச் சொல்.

சரி, எழுதுவது என்றால் எந்த நோர்வேஜிய மொழியில்? அதிகாரபூர்வமாக இரண்டு எழுத்துமொழிகள் உண்டு. ஒன்று, டென்மார்க்குடன் 1814 வரை நீண்ட ஒன்றியத்தில் நிலைத்துப்போன டேனிஷ் எழுத்திலிருந்து படிப்படியாக மாறி வந்த பூக்மோல். மற்றது, இவார் ஓசன் 1840களில் ஊர் ஊராகப் போய்ப் பேச்சு வழக்குகளைத் திரட்டி அவற்றின் மேல் கட்டிய நீநொர்ஸ்க். 1885இல் இரண்டுக்கும் சம அந்தஸ்து கிடைத்தது. பெரும்பான்மையினர் எழுதுவது பூக்மோல். பள்ளிப் பிள்ளைகளில் பத்துக்கு ஒருவரைவிடச் சற்று அதிகமானோர், பெரும்பாலும் மேற்குப் பகுதியில், நீநொர்ஸ்கை முதன்மையாகப் படிக்கிறார்கள். மேற்கில் வாழும் நம்மவர்கள் நான் என்பதற்குச் சுற்றிலும் 'ஏக்' என்று கேட்டுவிட்டு, பூக்மோல் கடிதத்தின் நடுவே அந்த நீநொர்ஸ்க் சொல்லை எழுதிவிடுவார்கள். ஒரு கடிதத்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும். எதைத் தேர்ந்தாலும் நட்டமில்லை. நீங்கள் எழுதிய எழுத்துமொழியிலேயே அரசு அலுவலகம் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

கடைசியாக ஒன்று, நல்ல மனதோடு செய்யும் தவறு என்பதால் அதிகம் உறுத்துகிறது. புரியாத ஊர்ப் பேச்சைக் கேட்டதும் 'தயவுசெய்து பூக்மோலில் பேசுங்கள்' என்று கேட்பது. பூக்மோல் எழுத்தின் பெயர். எதிரில் இருப்பவர் பேசுவது அவர் வீட்டு மொழி, அதை மாற்றச் சொல்வது அவருக்குச் சங்கடம். நான் என்பது ஒஸ்லோவில் 'யை', பேர்கனில் 'ஏக்', துரொண்ட்ஹெய்மிலும் வடக்கிலும் ஆ-வுக்கும் ஏ-வுக்கும் நடுவிலான ஒற்றை உயிரொலி, மொல்டெ பக்கம் வெறும் 'ஈ'. எல்லாமே சரி. 1980களில் வடக்கே ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த ஈழத்தமிழர் பலர் என்ன என்பதற்கு 'வா'வுக்குப் பதில் 'கா' என்றுதான் முதலில் கற்றார்கள். ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்த பிறகு அதற்காக வெட்கப்பட வேண்டியதே இல்லை.

எண்களில் தலைமுறை வித்தியாசமும் உண்டு. இருபத்தைந்து என்பதை ஐந்தும் இருபதும் என்று சொல்லும் பழைய முறை 1951இல் அதிகாரபூர்வமாக மாற்றப்பட்டது. வகுப்பில் கற்பது புதிய முறை. ஆனால் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் பழைய முறையை நாள்தோறும் கேட்பார்கள். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வதால் 52 என்பது 25 ஆகிவிடும் வாய்ப்பு அதிகம். அப்போது பேச்சை மாற்றச் சொல்லாமல், மெதுவாக இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள். எண்ணை ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.