இடமாற்றத்தால் வாடகை வீட்டைப் பாதியில் காலி செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் பதினோரு மாத ஒப்பந்தம் எழுதி அடுக்குமாடி வீடொன்றில் குடியேறி, நான்காம் மாதத்திலேயே புணேவுக்கோ ஹைதராபாத்துக்கோ மாற்றல் வந்துவிட்டால், பலரும் செய்யும் முதல் தவறு, மாற்றல் உத்தரவைக் காட்டினாலே ஒப்பந்தம் முடிந்துவிடும் என்று நம்புவதுதான். அந்த உத்தரவு உங்களுக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் இடைப்பட்டது. வீட்டு உரிமையாளர் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர். பணி இடமாற்றம் ஏற்பட்டால் முன்கூட்டியே காலி செய்யலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் ஒழிய, அவர் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தால்தான் உண்டு.

ஆகவே பெட்டி கட்டுவதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்து நிதானமாகப் படியுங்கள். நோட்டீஸ் காலமும் லாக்-இன் காலமும் ஒன்றென்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். காலி செய்யப்போவதை எவ்வளவு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது நோட்டீஸ் காலம். குறைந்தது எத்தனை மாதம் குடியிருந்தே ஆக வேண்டும் என்பது லாக்-இன் காலம். இரண்டு மாத நோட்டீஸும் ஆறு மாத லாக்-இன்னும் உள்ள வீட்டில் மாத வாடகை 22,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்காம் மாத முடிவில் வெளியேறுபவரிடம், முறையாக நோட்டீஸ் கொடுத்திருந்தாலும், மிச்சமுள்ள இரண்டு மாதங்களுக்காக 44,000 ரூபாயை உரிமையாளர் கேட்கக்கூடும். ஆனால் கேட்ட தொகை முழுவதையும் கொடுத்தே தீரவேண்டும் என்று நினைப்பதும் தவறே. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் கோர முடியும். அடுத்த மாதமே வேறொருவர் குடிவந்துவிட்டால் உரிமையாளரின் இழப்பு பெரிதும் குறைந்துவிடுகிறது. எனவே புதிய குடித்தனக்காரரைத் தேடிக் கொடுப்பதுதான் நம் பக்கத்தில் இருக்கும் வலுவான பேரம் என்பேன். அதற்காக உரிமையாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் நண்பரை உள்ளே குடிவைத்துவிட்டுப் போகக் கூடாது. அது உள்வாடகை ஆகிவிடும்.

நோட்டீஸை மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது வாயால் சொல்லிவிட்டு, அன்றிலிருந்தே நாள் கணக்குப் போடுவது இன்னொரு தவறு. மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ, காலி செய்யும் தேதியைக் குறித்து அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பியிருந்தால், பார்த்தேன் என்ற பதிலையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே சமயம், மாற்றல் தேதி உறுதியாகும் முன் அவசரப்பட்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டால், பணியில் சேரும் நாள் தள்ளிப்போகும்போது தங்க இடமின்றி நிற்க நேரும். ஒப்பந்த முறிவால் ஏற்படும் செலவை நிறுவனம் ஏற்குமா என்பதையும் அப்போதே மனிதவளத் துறையிடம் கேட்டுவிட வேண்டும். பின்னால் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

பணம் அதிகமாகச் சிக்கிக்கொள்வது அட்வான்ஸில்தான். 'கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று தாமாகவே முடிவு செய்து வாடகையை நிறுத்திவிடுபவர்கள், ஒப்பந்தத்தை மீறியவர் என்ற பெயரைத் தாங்களே தேடிக்கொள்கிறார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தங்கள் போக, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. சண்டை வருவது அந்தப் பிடித்தத்தில்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில், காலண்டர் மாட்டிய ஆணித் துளை ஒவ்வொன்றையும் உரிமையாளர் விரலால் தொட்டு எண்ணிவிட்டு, பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். குடிவந்த நாளில் எடுத்த படம் ஒன்றுகூட இவரிடம் இல்லாததால், பழைய துளை எது, புதிய துளை எது என்று காட்ட வழியில்லாமல் போயிற்று.

'லீஸ்' என்று நம் ஊரில் சொல்லப்படும் போக்கிய வீடாக இருந்தால் கதையே வேறு. மாத வாடகை இல்லை என்றாலும், லட்சக்கணக்கில் கொடுத்த தொகை உரிமையாளர் கையில் ரொக்கமாக இருப்பது அரிது. அடுத்து வருபவர் கொடுத்த பிறகே அது திரும்பும். அந்தத் தொகை கைக்கு வருமுன் சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலேறுவதைவிடப் பெரிய தவறு இதில் இல்லை. அதை நம்பிப் புதிய ஊரில் வீட்டுக்கு முன்பணம் பேசுவதும் ஆபத்தே.

சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போவதையும் தவிர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுவதால், கடைசிக் கட்டணம் நீங்கள் ஊரைவிட்டுப் போன பிறகே வரும். சாவியை ஒப்படைக்கும் நாளில் மீட்டர் அளவைப் படமெடுத்து, அந்த எண், தேதி, திரும்ப வரவேண்டிய அட்வான்ஸ் தொகை, அது வரும் நாள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.