இரண்டாவது சேர்வர் போட்டதும் லோகின் கழன்றுபோகிறதா?

மருதமுனைக் கைத்தறிச் சாரி விற்கும் தளமொன்றைக் கல்லடியிலிருந்து பராமரிக்கிறேன். பெருநாளுக்கு ஆட்கள் கூடவே, இரண்டாவது சேர்வரைச் சேர்த்து, முன்னால் என்ஜின்எக்ஸை லோட் பலன்சராக (வரும் கோரிக்கைகளை இரண்டு சேர்வருக்கும் பிரித்து அனுப்புவதாக) வைத்தோம். அன்றே முறைப்பாடு வந்தது: கூடையில் போட்ட சாரியைக் காணோம், திரும்பத் திரும்ப லோகின் கேட்கிறது.

தளம் ஓடும் பிஎச்பி, செஷனை (யார் லோகின் செய்தார், கூடையில் என்ன இருக்கிறது என்ற பதிவை) வழக்கமாக அந்தந்தச் சேர்வரின் கோப்பில்தான் எழுதும். அடுத்த கோரிக்கை மற்றச் சேர்வருக்குப் போனால், அதற்கு ஆளையே தெரியாது.

அவசரத்துக்கு என்ஜின்எக்ஸில் ஐபி ஹாஷ் போடலாம்; ஒரே ஐபி முகவரியிலிருந்து வருபவரை அது ஒரே சேர்வருக்கே அனுப்பும். ஆனால் அது ஐபிவி4 முகவரியின் முதல் 3 பகுதிகளைத்தான் பார்க்கும். ஒரே அலுவலக இணைப்பில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு சேர்வரிலேயே குவிவார்கள். அந்தச் சேர்வர் விழுந்தால் செஷனும் போச்சு.

சரியான வழி, இரண்டு சேர்வரும் தொடக்கூடிய ஒரே ரெடிஸில் (தரவை நினைவகத்தில் வைத்து உடனே தரும் மென்பொருளில்) செஷனை வைப்பது. ரெடிஸ் நீட்சியை இரண்டிலும் நிறுவி, பிஎச்பி அமைப்புக் கோப்பில் செஷனை எதில் சேமிப்பது, எந்த இடத்தில் சேமிப்பது என்ற இரண்டு வரிகளை மாற்றினால் சரி. ரெடிஸின் 6379 போர்ட்டை மட்டும் தயவுசெய்து வெளியே திறந்து விடாதீர்கள்.

இன்னொன்று: செஷனின் இயல்பான ஆயுள் 1440 செக்கன், அதாவது 24 நிமிடம். சாரி தெரிவு செய்ய அது காணாது. நாங்கள் 2 மணித்தியாலமாக்கினோம்.