பவர் பிஐ-ல லட்சம் கோடி காட்டுறது எப்படி, கூடவே இன்னும் ரெண்டு புது வசதி

கோயம்புத்தூர்ல பம்ப்செட் ஸ்பேர்ஸ் விக்கிற ஒரு கடைக்கு நான்தான் பவர் பிஐ-ல (மைக்ரோசாஃப்டோட ரிப்போர்ட் சாஃப்ட்வேர்) ரிப்போர்ட் பண்றேன். திங்கக்கிழமை மீட்டிங்ல முதலாளி ஸ்க்ரீனப் பாத்துட்டு வழக்கமா கேக்குறது ஒண்ணுதான், "ஏம்ப்பா, இந்த எம்-னா எவ்வளவு?" கார்டுல (ஒரே ஒரு நம்பர பெருசா காட்டுற கட்டம்) 12.5ன்னு போட்டு பக்கத்துல மில்லியனுக்கு ஒரு எம் நிக்கும், நான் மனசுக்குள்ள பத்தால வகுத்து "ஒண்ணேகால் கோடிங்க"ன்னு சொல்லுவேன். இப்படியே ரெண்டு வருஷம் ஓட்டியாச்சு.

பவர் பிஐ டெஸ்க்டாப்புக்கு கிட்டத்தட்ட மாசாமாசம் அப்டேட் வருது, லிஸ்ட்ட எடுத்துப் படிச்சா தலை சுத்தும், அதுல முக்காவாசி நம்ம மாதிரி சின்ன கடைக்கு தேவையே இல்ல. ஆனா 2022லேந்து வந்ததுல மூணு விஷயம் நெஜமாவே என் வேலையக் குறைச்சிருக்கு, மூணுமே இன்னும் நெறைய பேர் தொட்டுக்கூட பாக்கல. அதத்தான் எழுதுறேன். ஃபார்முலா பேரெல்லாம் இங்க தமிழ்ல அடிச்சிருக்கேன், நீங்க டைப் பண்றப்போ இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.

மொதல்ல லட்சம் கோடி. இதுக்கு பேரு டைனமிக் ஃபார்மட் ஸ்ட்ரிங், 2023 ஏப்ரல்ல வந்துச்சு. முன்னாடி என்ன பண்ணுவோம்னா ஃபார்மட் ஃபங்ஷன் போட்டு மெஷரையே (மொத்த சேல்ஸ் மாதிரி கணக்கு போட்டுத் தர்ற ஃபார்முலா) மாத்திடுவோம், பாக்க அழகா இருக்கும், ஆனா அந்த நிமிஷமே அது நம்பர் இல்ல, வெறும் எழுத்து. சார்ட் வரையாது, டேபிள்ல பெருசுலேந்து சிறுசா அடுக்கச் சொன்னா 9 மேல நிக்கும் 10 கீழ போயிடும். டைனமிக் ஃபார்மட்ல உள்ள இருக்குற நம்பர் அப்படியே நம்பராவே இருக்கும், மேல போடுற சட்டை மட்டும்தான் மாறும்.

வலது பக்க டேட்டா பேன்ல உங்க சேல்ஸ் மெஷர க்ளிக் பண்ணுங்க, மேல ரிப்பன்ல மெஷர் டூல்ஸ் வரும், அதுல ஃபார்மட் டிராப்டவுன்ல டைனமிக்னு இருக்கும், அத எடுங்க. இப்ப ஃபார்முலா பாருக்கு இடது பக்கம் குட்டியா ஒரு டிராப்டவுன் முளைக்கும், மெஷர், ஃபார்மட்னு ரெண்டு இருக்கும். இங்கதான் நெறைய பேர் குழம்புறாங்க, ஃபார்மட்ல நிக்கிறோம்னு தெரியாம பழைய ஃபார்முலா காணாம போச்சுன்னு பதறுவாங்க. காணாமலாம் போகாது, மெஷர்னு மாத்துனா திரும்ப வந்துடும்.

ஃபார்மட் பக்கத்துல ஒரு ஸ்விட்ச் (ஒவ்வொரு நிபந்தனையா பாத்து பொருந்துறத எடுக்குற ஃபங்ஷன்) எழுதணும். செலக்டட்மெஷர்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அதுதான் அப்போதைய நம்பர். அது 1 கோடிக்கு சமமாவோ மேலயோ இருந்தா ##\,##\,##\,##0, இல்ல 1 லட்சத்துக்கு சமமாவோ மேலயோ இருந்தா ##\,##\,##0, ரெண்டும் இல்லாட்டி #,##0. மூணையும் டபுள் கோட்ஸ்குள்ள போடுங்க. கமாவுக்கு முன்னாடி இருக்குற அந்த சாஞ்ச கோடு முக்கியம், "இது நீயா போடுற கமா இல்ல, நான் சொன்ன எடத்துல போடு"ன்னு அதுக்குச் சொல்றது. இப்ப 12500000ங்கிறது 1,25,00,000ன்னு வரும். எல்லாத்துக்கும் அந்த பெரிய ஃபார்மட் ஒண்ணையே போட்டா போதாதான்னு நானும் நெனச்சேன், போட்டுப் பாத்தா பன்னெண்டரை லட்சம் வந்தப்போ ,12,50,000ன்னு முன்னாடி ஒரு கமா தொங்கிட்டு நின்னுச்சு. அதான் ஸ்விட்ச்.

இன்னொரு எடத்துல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். சேல்ஸ் ரிட்டர்ன் மைனஸ்ல வரும் இல்லையா, மைனஸ் ரெண்டரை லட்சம் 1 லட்சத்தை விட சின்னது, அதனால ஸ்விட்ச்ல மொத ரெண்டும் தாண்டி கடைசிக்கு வந்து -250,000ன்னு நின்னுச்சு. மேல பூரா நம்ம கணக்கு, ரிட்டர்ன் வரி மட்டும் வெள்ளைக்காரன் கணக்கு, அக்கவுண்டன்ட் அக்கா பாத்துட்டு "இது யாரோட ரிப்போர்ட்டு, ரெண்டு பேர் சேர்ந்து பண்ணீங்களா"ன்னாங்க. ஏபிஎஸ் ஃபங்ஷனுக்குள்ள செலக்டட்மெஷர போட்டுட்டு ஒப்பிட்டுப் பாருங்க, சரியாயிடும்.

கார்டுக்கு இவ்ளோ நீளம் வேண்டாம், 1.25 கோடின்னு வந்தா போதும். அதுக்கு தனியா ஒரு மெஷர் வெச்சுக்கோங்க, ஃபார்மட் பக்கத்துல செலக்டட்மெஷர 1 கோடியால வகுத்து, ஃபார்மட் ஃபங்ஷன்ல 0.00 குடுத்து, பின்னாடி கோடின்னு தமிழ்லயே ஒட்டி, அந்த மொத்தத்துக்கும் முன்னாடி ஒரு டபுள் கோட்ஸ் பின்னாடி ஒரு டபுள் கோட்ஸ் வர்ற மாதிரி சேத்துடுங்க. ஃபார்முலாக்குள்ள ஒரு டபுள் கோட்ஸ எழுத்தா எழுதணும்னா நாலு டபுள் கோட்ஸ் வரிசையா அடிக்கணும், கண்ணு வலிக்கும், ஒரு தடவைதானே. அப்புறம் அந்த கார்டோட செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே யூனிட்ஸ ஆட்டோல விடாம நன் (None)-னு மாத்திடுங்க. இந்தக் கோடி மெஷர பார் சார்ட்ல போடுறதா இருந்தா இடது பக்க ஆக்ஸிஸ் நம்பர ஆஃப் பண்ணிட்டு டேட்டா லேபிள ஆன் பண்ணிக்கோங்க, ஆக்ஸிஸ்ல இந்த தந்திரம் எடுபடாது.

அடுத்தது ஃபீல்டு பாராமீட்டர், 2022 மே-ல வந்தது. ஒரே சார்ட்ட ஏரியாவாரியா, சேல்ஸ்மேன்வாரியா, ஐட்டம்வாரியா பாக்கணும்னு கேப்பாங்க, நான் மூணு சார்ட்ட ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, பட்டன் வெச்சு, புக்மார்க் போட்டு மறைச்சு மறைச்சு காட்டிட்டு இருந்தேன். ஒரு கட்டத்துல 16 புக்மார்க், எது எதுக்குன்னு எனக்கே தெரியாது. இப்ப மாடலிங் டேப்ல நியூ பாராமீட்டர், அதுல ஃபீல்ட்ஸ், வேணுங்கிற காலம்களை (டேபிளோட column) உள்ள இழுத்துப் போட்டு கிரியேட் அடிச்சா முடிஞ்சுது, ஸ்லைசரும் (எது வேணும்னு க்ளிக் பண்ணித் தேர்ந்தெடுக்குற பெட்டி) அதுவே பேஜ்ல வெச்சிடும். அந்த பாராமீட்டர சார்ட்டோட ஆக்ஸிஸ்ல போடுங்க, ஸ்லைசர்ல சிங்கிள் செலக்ட ஆன் பண்ணுங்க.

உள்ள என்ன நடக்குதுன்னா அது ஒரு சின்ன டேபிள், ஃபார்முலா பார்ல பாத்தா ஒவ்வொரு வரியிலயும் கோட்ஸ்குள்ள ஒரு பேரு இருக்கும். அந்தப் பேர தமிழ்ல மாத்திக்கலாம், நான் "ஏரியா வாரியா"ன்னு மாத்தி வெச்சிருக்கேன், ஸ்லைசர்ல அப்படியே வருது. ஆனா பின்னாடி காலம் பேர மாத்துனீங்கன்னா இந்த கோட்ஸ்குள்ள இருக்குற பேரு தானா மாறாது, நீங்களே வந்து மாத்தணும்.

மூணாவது விஷுவல் கால்குலேஷன். 2024 பிப்ரவரியில பிரிவியூவா, அதாவது முழுசா வெளியிடுறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்க விட்டதா, வந்துச்சு. ஏப்ரல்லேந்து இன்னிக்கு வரைக்கும் மொத்தம் எவ்வளவு, போன மாசத்த விட எவ்வளவு கூட, இதுக்கெல்லாம் முன்னாடி கால்குலேட், ஃபில்டர், ஆல்செலக்டட்னு ஒரு பக்கத்துக்கு டேக்ஸ் (DAX, பவர் பிஐ-யோட ஃபார்முலா மொழி) எழுதணும். இப்ப சார்ட்டையோ மேட்ரிக்ஸையோ (எக்ஸெல் பிவட் மாதிரி டேபிள்) செலக்ட் பண்ணிட்டு ஹோம் ரிப்பன்ல நியூ விஷுவல் கால்குலேஷன் அமுக்குனா தனி விண்டோ தெறக்கும், மேல விஷுவல், கீழ எக்ஸெல் மாதிரி கட்டம் கட்டமா. பட்டன் இல்லன்னா ஆப்ஷன்ஸ்ல பிரிவியூ ஃபீச்சர்ஸ் போய் டிக் இருக்கான்னு பாருங்க, டிக் பண்ணி மூடித் தெறங்க. ஃபார்முலா பார் பக்கத்துல எஃப்எக்ஸ்னு இருக்குறத அமுக்குனா ரெடிமேடா வரும், ரன்னிங் சம், மூவிங் ஆவரேஜ், பர்சன்ட் ஆஃப் பேரன்ட், வெர்சஸ் ப்ரீவியஸ் எல்லாம். எடுத்துட்டு, எந்த ஃபீல்டுன்னு மட்டும் சொன்னா போதும். கணக்குக்கு மட்டும் வேணும் கண்ணுக்கு வேண்டாம்ங்கிற காலம்ல கண்ணு படத்த அமுக்குனா மறைஞ்சிடும்.

ரன்னிங் சம் போடுறதுக்கு முன்னாடி மாசத்தோட வரிசையப் பாத்துக்கோங்க. மாசப் பேரு வெறும் எழுத்தா இருந்தா இங்கிலீஷ் அகரவரிசையில நிக்கும், ஏப்ரல், அடுத்து ஆகஸ்ட், அடுத்து டிசம்பர். மொத மாசம் ஏப்ரலாவே இருக்குறதால எல்லாம் சரியா இருக்குற மாதிரியே தோணும், அதான் ஆபத்து. டேபிள்ல நிதியாண்டு மாச நம்பர்னு ஒரு காலம் சேத்துடுங்க, மாச நம்பர் 4லேந்து 12 வரைக்கும் 3 கழிங்க, 1, 2, 3க்கு 9 கூட்டுங்க, ஏப்ரல் 1 ஆகும் மார்ச் 12 ஆகும். அப்புறம் மாசப் பேரு காலம செலக்ட் பண்ணி காலம் டூல்ஸ்ல ஸோர்ட் பை காலம்ல (Sort by column) இத குடுத்துடுங்க.

ரெண்டு வருஷத்த ஒரே மேட்ரிக்ஸ்ல வெச்சா இன்னொண்ணு நடக்கும், மார்ச்ல முடிய வேண்டிய மொத்தம் அடுத்த ஏப்ரல்லயும் நிக்காம ஏறிட்டே போகும். ரோஸ்ல (Rows) நிதியாண்டு மேல, மாசம் கீழன்னு ரெண்டு லெவலா போட்டுட்டு ரன்னிங்சம்ல ஃபீல்டுக்கு அப்புறம் கமா போட்டு ஹையஸ்ட்பேரன்ட்னு ஒரு வார்த்த சேருங்க, வருஷம் மாறுறப்போ பூஜ்யத்துலேந்து தொடங்கும். இது அந்த ஒரு விஷுவலுக்குள்ளயே இருக்குற கணக்கு, அடுத்த பேஜ்ல எடுத்துப் போட முடியாது, இத வெச்சு ஃபில்டரும் பண்ண முடியாது. பல எடத்துல வேணும்னா பழையபடி மெஷர்தான் எழுதணும்.

கோபைலட் (பவர் பிஐ-குள்ள வர்ற ஏஐ உதவியாளர்) பத்தி கேக்குறவங்களுக்கு, அதுக்கு ஃபேப்ரிக் கெபாசிட்டி (மைக்ரோசாஃப்டோட க்ளவுட் சேவை) காசு கட்டி வாங்கணும், வெறும் ப்ரோ லைசென்ஸ்ல வராது. ப்ரோவே 2025 ஏப்ரல்லேந்து ஒரு ஆளுக்கு மாசம் 10 டாலர்லேந்து 14 ஆயிடுச்சு, எங்க கடையில அதுக்கே மூஞ்சி சுருங்குச்சு. அதனால நான் தொடல.

இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி ஃபைல ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டு, கூட வேலை பாக்குறவங்க மெஷின்லயும் டெஸ்க்டாப்ப அப்டேட் பண்ணிடுங்க. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்லேந்து போட்டது தானா அப்டேட் ஆகும், டவுன்லோட் பண்ணிப் போட்டது நாமதான் பண்ணணும். புது வெர்ஷன்ல சேவ் பண்ணத பழைய வெர்ஷன்ல தெறந்தா மக்கர் பண்ணும், எங்க ஸ்டோர் தம்பி மெஷின்ல அப்படித்தான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பூரா போச்சு.