கிணற்றுக் கல்லில் பழைய கடலைத் தேடுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் உயிர்ச்சுவடு தேட வெளியூர் போகத் தேவையில்லை. உங்கள் வளவின் மூலையில், கிணறு வெட்டினபோது மேலே ஏற்றிக் கொட்டின கல்லுக் குவியல் இன்னும் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அதுதான் உங்கள் முதல் இடம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் புதைபடிவம் என்று எழுதுவார்கள், நாங்கள் பள்ளிக்கூடத்தில் உயிர்ச்சுவடு என்று படித்தோம். இரண்டும் ஒன்றுதான்.

முதலில் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் கல்லைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். செம்மண்ணைத் தோண்டினால் சில இடங்களில் முழங்கால் ஆழத்திலேயே, சில இடங்களில் ஓராள் ஆழத்தில், சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். கலட்டித் தரைகளில் அது வெளியிலேயே தெரியும். மயோசீன் காலம் என்பது 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். அந்தக் காலத்தில் இங்கே கிடந்த ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடலின் அடியில்தான் இந்தக் கல் உண்டானது. சிப்பி, சங்கு, முருகை என்கிற பவளம், உடம்பு முழுக்க முள் உள்ள கடல் முள்ளெலி, ஒரே கலத்தால் (செல்லால்) ஆன நுண்ணுயிர்கள் எல்லாம் வாழ்ந்து செத்து, அவற்றின் ஓடும் கூடும் சேற்றோடு அமுங்கி இறுகி, கடைசியில் நாங்கள் அத்திவாரத்துக்கு அடுக்குகிற கல்லாகக் கிடக்கின்றன. மழைத்தண்ணீர் அதே கல்லைக் கரைத்துக் குடைந்துகொண்டு போனதால்தான் நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் எங்களுக்குக் கிடைத்தன.

டைனோசர் எலும்பு கிடைக்குமா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். கிடைக்காது. டைனோசர்கள் அழிந்தது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் கல் உண்டாகத் தொடங்கவே அதற்குப் பிறகு 4 கோடி ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டது. பிள்ளையின் முகம் வாடினால் மெகலோடனைப் பற்றிச் சொல்லுங்கள். எங்கள் கல் கடலடியில் சேறாகக் கிடந்த காலத்தில் உலகக் கடல்களில் திரிந்த பெரிய சுறா அது, அதன் ஒரு பல்லே பெரிய ஆளின் உள்ளங்கையை நிறைக்கும். மன்னார்க் கடலில் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்கிற கடற்பசுவின் பழைய இனத்தவர்களும் மயோசீன் கடல்களில் மேய்ந்தார்கள். தரை மிருகம்தான் வேண்டும் என்றால் இரத்தினபுரிப் பக்கம் போக வேண்டும். அங்கே மாணிக்கக் குழிகளின் சரளைப் படையிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எலும்பும் பல்லும் வந்திருக்கின்றன, அவற்றை இலங்கைத் தொல்லுயிரியலாளர் பி. இ. பி. தெரணியகல விவரித்து எழுதினார். இன்றைக்கு இந்த மூன்றில் ஒன்றும் இலங்கைக் காட்டில் இல்லை. ஆனால் அவை எங்கள் கல்லைவிட வயதில் மிக இளையவை.

சரி, வேலைக்கு வருவோம். கொண்டுபோக வேண்டியது அதிகம் இல்லை: ஒரு போத்தல் தண்ணீர், பழைய பல்லுத் தீட்டும் பிரஷ், பத்து மடங்கு பெருக்கிக் காட்டுகிற சின்னப் பூதக்கண்ணாடி, அடிமட்டம், கொப்பி, பென்சில், சுற்றிக் கட்டப் பழைய பத்திரிகைத் தாள். சுத்தியலை முதல் நாள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கையில் சுத்தியல் இருந்தால் பார்ப்பதற்கு முன் அடிக்கத்தான் தோன்றும், அடித்த கல்லைத் திருப்பி ஒட்ட முடியாது.

எங்கே போகக்கூடாது என்பதை எங்கே போகலாம் என்பதற்கு முன்பே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் மண்ணில் அது விளையாட்டில்லை. பல வருடம் ஆள் புழங்காத காணி, பற்றைக்காடு, பழைய காவலரண் இருந்த இடம், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நட்ட இடம், இவற்றுக்குள் கல்லுக்காகக் கால் வைக்கவே வேண்டாம். கல்லுக்கிடையில் துருப்பிடித்த இரும்பு எதையாவது கண்டால் தொடாமல் வந்த வழியே திரும்பி பொலிஸ் அவசர இலக்கம் 119க்குச் சொல்லுங்கள். கிணற்றுக்குள் இறங்க வேண்டாம், மேலே வந்த கல்லே போதும். கடற்கரையில் கீரிமலைப் பக்கம் பாறை நன்றாகத் தெரியும், போய்ப் பாருங்கள், படம் எடுங்கள், ஆனால் உடைக்காதீர்கள். கரையோரப் பகுதியில் முருகைக்கல் எடுப்பதைச் சட்டம் தடுத்திருக்கிறது. கரை அரிப்பு எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று அங்கே இருக்கிறவர்களைக் கேட்டால் அந்தச் சட்டம் ஏன் என்று புரியும்.

மிச்சம் உள்ள இடங்களே தாராளம். கிணற்றுக் கல்லுக் குவியல், தோட்டக்காரர் உழும்போது பொறுக்கி வரம்பில் போட்ட கல், வீடு கட்ட வெட்டின அத்திவாரக் குழியின் கல், இடிந்த பழைய மதில். சொந்தக்காரரைக் கேட்டுவிட்டுப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்தது புதிதாக வெட்டின கிணறு, ஏனென்றால் கல் எத்தனை அடியிலிருந்து வந்தது என்று வெட்டினவரே சொல்வார்.

மூன்று வருடத்துக்கு முன் மாமா வீட்டுக் கிணறு கோடையில் வற்றி, அடியை இன்னும் நாலடி ஆழமாக்க ஆள் பிடித்தார்கள். வாளியில் ஏறி வந்த கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை அளவு, பால் கலந்த தேநீரின் நிறம், உடைந்த முகத்தில் ஒரு சுருள் பள்ளம். ஆறு சுற்று எண்ணலாம். ஓடு இல்லை, ஓடு இருந்த இடம் மட்டும் வெறுமையாக, அதன் சுவரில் சீனி தூவினதுபோல் சின்னச் சின்னப் பளிங்குகள் வெயிலுக்கு மின்னின. "உது ஊரி, தம்பி," என்றார் கிணறு வெட்டுகிற அண்ணை, "உதுக்குள்ள எல்லாம் உப்பிடித்தான் கிடக்கும், நாங்கள் எவ்வளவத்தை உடைச்சுப் போட்டம்." ஊரி என்றால் சுருள் ஓடு உள்ள சின்னக் கடல் நத்தை. அவருக்கு அது புதினமே இல்லை. முப்பது வருடமாக அந்தக் கடலைத்தான் அவர் அலவாங்கால் உடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்தச் சுருள் பள்ளம் போன்றவற்றைத்தான் நீங்கள் முதலில் காண்பீர்கள். சங்கு, ஊரி வகைகளின் ஓடு அரகோனைட் என்ற கனிமத்தால் ஆனது, அது நிலத்தடி நீரில் எளிதில் கரைந்துவிடும், பிறகு மிஞ்சுவது அச்சு மட்டும். உள்ளே போன சேறு கல்லாகியிருந்தால் திருகாணி மாதிரி ஒரு உள்ளச்சு வரும், வெளியே பதிந்தது வெளியச்சு. இதற்கு மாறாக, கிளிஞ்சல் வகையில் வரிவரியாக விசிறி போல் இருக்கிற சிப்பிகளும் தடித்த ஓட்டுச் சிப்பிகளும் பெரும்பாலும் அவ்வளவு எளிதில் கரையாத கல்சைட் என்ற கனிமத்தால் ஆனவை, அவை ஓட்டோடேயே தப்பிக் கிடக்கும். வெளியச்சு கிடைத்தால் ஒரு வேலை செய்து பாருங்கள்: பள்ளத்தைத் தண்ணீரால் நனைத்து, பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிசீனை நன்றாகப் பிசைந்து உள்ளே அழுத்தி, மெதுவாகச் சுழற்றி வெளியே எடுங்கள். மாமா வீட்டுக் கல்லில் நான் அப்படி எடுத்தபோது, ஒவ்வொரு சுற்றிலும் நூல் நூலாக ஓடின வரிகளும் வாயோரத்து உதடும் அப்படியே வந்தன. மயோசீன் கடலில் வாழ்ந்து, பிறகு கரைந்துபோன ஓட்டின் வெளிப்புறத்தை அன்றைக்கு விரலால் தடவிப் பார்த்தேன்.

பார்க்கிற முறைக்கு இரண்டு தந்திரம் உண்டு. ஒன்று, காலை ஏழு மணி அல்லது மாலை ஐந்து மணி வெயில். சாய்ந்து விழுகிற வெளிச்சத்தில் மேடு பள்ளமெல்லாம் நிழல் போட்டுத் தெரியும், மத்தியான வெயிலில் எல்லாம் ஒரே வெள்ளையாகக் கண்ணைக் கூசும். மற்றது தண்ணீர். காய்ந்த கல்லில் ஒன்றும் தெரியாது, அதே கல்லில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பிரஷால் தேய்த்தால் முருகையின் நட்சத்திர வடிவங்கள், சிப்பியின் வெட்டுமுகம், அரிசிக் குறுணி போன்ற வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் எழும்பி வரும். அந்தப் புள்ளிகளை விட்டுவிடாதீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சிலவற்றுக்குள் வளையம் வளையமாக அறைகள் தெரியும். அவை ஃபொராமினிஃபெரா, ஒரேயொரு கலம் கட்டின வீடு. ஆய்வாளர்கள் இந்தக் கல்லின் வயதைக் கணித்ததில் எலும்பையும் பல்லையும்விட இந்தக் குறுணிகளுக்குத்தான் பங்கு அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு இனமும் குறிப்பிட்ட காலத்தில் மட்டும் வாழ்ந்தது.

மேல் குவிந்த, பணிஸ் வடிவக் கல்லில் ஐந்து இதழ்ப் பூப்போலக் கோடு இருந்தால் அது கடல் முள்ளெலி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி கிடைக்காது.

எல்லாரும் ஏமாறுகிற இடம் முருகைக்கல். யாழ்ப்பாணக் கோட்டை மதிலிலும் நெடுந்தீவு வீதியோரக் கல்வேலிகளிலும் முருகையின் நட்சத்திரப் பொறிப்பு அழகாகத் தெரியும், ஆனால் அவற்றில் பலது கடலிலிருந்து எடுத்த, நேற்று முந்தநாள் முருகை என்றே சொல்லலாம், மயோசீன் காலத்தது அல்ல. கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும். புது முருகை பாரம் குறைவு, துளை நிறைய. கிணற்றுக் கல்லில் உள்ள பழைய முருகை கெட்டி, பாரம், துளைகள் பளிங்கால் அடைபட்டிருக்கும், தட்டினால் கணீர் என்று கேட்கும். இன்னொன்று, பன்னத் (பெரணித்) தழை வரைந்ததுபோல் கல் முகத்தில் ஓடுகிற கறுப்புக் கோடுகள். அது செடி இல்லை, மாங்கனீசுக் கனிமம் வெடிப்புக்குள் படர்ந்து உண்டாக்கின கோலம். உண்மையான பன்னத் தழை அச்சு வேண்டுமானால் புத்தளம் மாவட்டத்துத் தப்போவப் படைகளில் இருக்கிறது, அது டைனோசர்கள் வாழ்ந்த யுராசிக் காலத்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த கல்லைச் சுத்தம் செய்வதில்தான் நான் பெரிய பிழை விட்டேன். விசிறிச் சிப்பி ஒன்று, ஓட்டோடு, வரி ஒவ்வொன்றும் கூராக, கல்லுக்குள் பாதி புதைந்து கிடைத்தது. இணையத்தில் பார்த்த ஒரு காணொளியில் வினாகிரியில் ஊறவிடச் சொன்னார்கள், நானும் ஒரு பேணியில் ஊற்றி இரவு முழுக்க வைத்தேன். விடிய எடுத்தபோது வரியெல்லாம் போய், சூப்பிப்போட்ட இனிப்பு மாதிரி வழுவழுப்பாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் நோகிறது. வேறு கனிமத்தால் ஆன பல், எலும்பு போன்றவற்றைச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து பிரிக்க ஆய்வுகூடங்களில் மென்மையான அமிலம் பாவிப்பார்கள், அது வேறு கதை. எங்கள் சிப்பியும் முருகையும் அவற்றைச் சுற்றியுள்ள கல்லும் ஒரே கல்சியம் காபனேற்று, அமிலம் இரண்டையும் சேர்த்தே தின்னும். ஆகவே வினாகிரி, தேசிக்காய்ப்புளி, மலசலகூடம் கழுவுகிற அமிலம் எதுவும் வேண்டாம். சுண்ணாம்புக்கல்தானா என்று பார்க்க மட்டும், உயிர்ச்சுவடு இல்லாத பக்கத்தில் ஒரு துளி தேசிக்காய்ப்புளி விடலாம், நுரைத்தால் சுண்ணாம்பு.

நல்ல தண்ணீரும் பிரஷும் போதும். உவர்க் காணியில் எடுத்த கல் என்றால் நல்ல தண்ணீரில் ஒரு வாரம் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். உப்பு உள்ளே இருந்தால் காயும்போது பளிங்காகி, ஓட்டைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். பிறகு நிழலில் காயவையுங்கள். செம்மண் அப்பியிருந்தால் மரக் குச்சியால் கிளறுங்கள், ஊசி வேண்டாம், கோடு விழும். உளியும் சுத்தியலும் பாவிக்கிற கட்டம் வந்தால் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, உயிர்ச்சுவட்டுக்கு மூன்று விரல் தள்ளி, வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். முழுதாக வெளியே எடுக்க ஆசைப்படாதீர்கள், பாதி கல்லுக்குள் இருக்கிற சிப்பிதான் நிலைக்கும்.

கடைசியாக, ஆனால் இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன அத்தனையும் வீண்: எழுதி வையுங்கள். கல்லின் ஒரு மூலையில் நகப்பூச்சில் சின்னதாக ஒரு வெள்ளைப் பொட்டு வைத்து, காய்ந்ததும் அதன்மேல் மையால் இலக்கம் போடுங்கள். கொப்பியில் அதே இலக்கத்துக்கு எதிரே ஊர், யாருடைய காணி, கிணறா வரம்பா, எத்தனை அடி ஆழம், திகதி, யார் எடுத்துத் தந்தது என்று எழுதுங்கள். அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், கைபேசியில் இடத்தின் அமைவையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே கிடைத்தது என்று தெரியாத அழகான சங்கைவிட, ஊரும் ஆழமும் எழுதின அரைச் சிப்பி ஒரு ஆய்வாளருக்கு உதவும். வழமைக்கு மாறான பல்லோ எலும்போ கண்டால் அசைக்காமல் படமெடுத்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் துறையிலோ புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்திலோ காட்டுங்கள்.

என் கொப்பியில் முதல் பக்கத்தில் 1 என்று இருப்பது மாமா வீட்டு ஊரிதான்: 26 அடி, கிணற்று அடி, வைகாசி. பக்கத்தில் அந்த அண்ணையின் பேரையும் எழுதியிருக்கிறேன். போன மாதம் வேறொரு கிணறு வெட்டப் போனவர், தொலைபேசி எடுத்து, "தம்பி, கொஞ்சம் வேறமாதிரி ஒண்டு வந்திருக்கு, உடைக்காமல் வச்சிருக்கிறன், வந்து பாருங்கோ" என்றார்.