காணாமற்போனவனைத் தேடும் இளையோர் மர்ம நாவல்: மதுரையில் வைத்து எழுதத் தொடங்குவது எப்படி?

முதன்முறையாக மர்ம நாவல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "பையனைக் காணோம்" என்ற காட்சியில் தொடங்கி, அவன் போன இடத்தை எழுதிக்கொண்டே கண்டுபிடிக்கலாம் என்று நம்புகிறார்கள். பாதியில் கதை நின்றுவிடுகிறது. ஆகவே முதலில் விடையை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, செல்லூர் நெசவாளர் வீட்டுப் பையன், வயது 16. படிப்பை நிறுத்தச் சொன்ன தந்தையிடம் வாதாடத் துணிவின்றி, தேனியில் இருக்கும் தன் பழைய ஆசிரியரைத் தேடிப் போகிறான்.

அடுத்து, நாளைத் தேர்ந்தெடுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொள்ளத் தல்லாகுளத்தில் கூட்டம் நெரியும் எதிர்சேவை இரவில் ஒருவன் வீடு திரும்பாவிட்டால், கூட்டத்தில் பிரிந்திருப்பான், அழகர் ஆற்றில் இறங்கியதும் வந்துவிடுவான் என்றே குடும்பத்தார் எண்ணுவார்கள். தேடலில் ஒரு நாள் தவறிப்போவதற்கு இதைவிட இயல்பான காரணம் மதுரையில் கிடைப்பது அரிது.

பிறகு, அவனது கடைசி நாளை மணிவாரியாக எழுதி, அதிலிருந்து துப்புகளைப் பிரித்தெடுங்கள். இராமேசுவரம் போவதாக நண்பனிடம் சொன்னவனை, ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் பார்த்ததாகப் பூக்காரம்மா சொல்கிறார். இராமேசுவரத்துக்கு மாட்டுத்தாவணியில் அல்லவா ஏற வேண்டும்? ஆரப்பாளையம் தேனிப் பேருந்துகளுக்கான இடம். உள்ளூர்க்காரருக்கு இது உடனே விளங்கும். வெளியூர் வாசகருக்காக, தேனிக்குப் போகும் பக்கத்து வீட்டு அத்தையை அங்கே வழியனுப்பும் ஒரு சாதாரணக் காட்சியை முதல் அத்தியாயத்திலேயே வைத்துவிடுங்கள். வாசகருக்குக் காட்டாத துப்பைக் கொண்டு முடிச்சை அவிழ்ப்பது அவரை ஏமாற்றுவதாகும்.

தேடுகிறவள் 14 வயதுத் தங்கையாக இருக்கட்டும். அவளால் நடந்தும் நகரப் பேருந்திலும் போகக்கூடிய இடங்களுக்குள்ளேயே விசாரணை நகரட்டும்.

காவல் நிலையக் காட்சியில் மிகுந்த கவனம் வேண்டும். "24 மணி நேரம் கழித்து வாருங்கள்" என்ற வசனத்தைச் சட்டம்போல் எழுதாதீர்கள். குழந்தை காணாமற்போனதாகப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் வாசகர்களும் அதே வயதினர்; 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தங்கை அழைக்கும் ஒரு காட்சி, அவர்களில் யாருக்கேனும் உண்மையாகவே பயன்படலாம்.

இறுதியாக, அவன் திரும்பி வந்து தறிக்கருகே தந்தையின் எதிரில் நிற்கும் காட்சியை, மற்ற அத்தியாயங்களைத் தொடுமுன்பே எழுதிப் பாருங்கள். அங்கே தந்தை கேட்கும் முதல் கேள்வி என்ன என்பது தெரிந்த பின்னர் முதல் அத்தியாயத்துக்கு வாருங்கள்.