பெர்லினில் புதுக் குடித்தனம்: சாவி வாங்கும் நாள் முதல் முதல் குளிர்காலம் வரை

பெர்லினில் வாடகை வீடு கிடைப்பதே பெரும்பாடு. அந்த நிம்மதியில், நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்ளாதீர்கள். அந்தத் தாள்தான் ஒப்படைப்புப் பத்திரம். தரைப்பலகைக் கீறல், குளியலறை ஓட்டில் விரிசல், சுவர் மூலையில் கறுப்புப் படலம் என்று கண்ணில் படுவதையெல்லாம் அதில் எழுதச் சொல்லுங்கள், படமும் எடுங்கள். எழுதாமல் விட்ட சேதம் காலி செய்யும்போது உங்கள் முன்பணத்தில் கைவைக்கும். மின்மீட்டரின் வரிசை எண்ணும் அன்றைய அளவும் பத்திரத்தில் இருக்க வேண்டும். மின் நிறுவனத்தில் பதிய அந்த எண்தான் தேவை. முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகையை (துணைச் செலவுகள் சேராத வாடகையை) தாண்டக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். இரண்டும் சட்டம் தரும் உரிமை.

அன்று மாலைக்குள் அஞ்சல் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயரை ஒட்டிவிடுங்கள். ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் தனிக் கதவு எண் கிடையாது, தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நம் தம்பதிகளில் கணவருக்கு ஒரு கடைசிப் பெயர், மனைவிக்கு வேறொன்று என்பது சகஜம். கடவுச்சீட்டில் உள்ள எழுத்திலேயே இரண்டும் இருக்கட்டும். வரி எண், வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும்.

அடுத்தது அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடிபுகுந்த 14 நாட்களுக்குள் செய்ய வேண்டும். பெர்லினில் எந்த பியூர்கராம்ட்டிலும், அதாவது குடிமக்கள் சேவை அலுவலகத்திலும், நேரம் எடுக்கலாம், உங்கள் வட்டாரத்திலேயே இருக்க வேண்டும் என்றில்லை. காலையில் முன்பதிவு இணையதளத்தைத் திறந்தால் ரத்தான இடங்கள் கிடைக்கும். கெடுவுக்குள் நேரம் கிடைக்காவிட்டால், கிடைத்த நேரத்துக்குப் பதிவுசெய்த மின்னஞ்சலைச் சான்றாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரின் கடவுச்சீட்டு, நிரப்பிய படிவம், நீங்கள் குடிபுகுந்ததாக வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிச்சான்று, திருமணச் சான்றிதழின் அசல், அதன் சான்றளித்த ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஆகியவை வேண்டும். வாடகை ஒப்பந்தம் உறுதிச்சான்றுக்கு ஈடாகாது. பலர் அதை மட்டும் கொண்டுபோய்த் திரும்பி வருகிறார்கள்.

அலுவலர் அச்சிட்ட பதிவுத் தாளைக் கொடுத்ததும் மேசையை விட்டு எழாமல் பெயரின் எழுத்துகளையும், திருமணமானவர் என்ற பதிவையும் சரிபாருங்கள். அந்தப் பதிவு விடுபட்டால் சம்பளத்தில் தனி ஆளுக்குரிய முதல் வரி வகுப்பில் வரி பிடிப்பார்கள். பதிவு சரியாக இருந்தால் இருவருக்கும் நான்காம் வகுப்பு. ஒருவர் மட்டும் சம்பாதிக்கிறார் என்றால் வரி அலுவலகத்தில் விண்ணப்பித்து அவருக்கு மூன்று, மற்றவருக்கு ஐந்து என மாற்றிக்கொள்ளுங்கள், கையில் வரும் மாதச் சம்பளம் நன்றாகவே கூடும். 11 இலக்க வரி எண் சில வாரங்களில் வரும், வந்ததும் நிறுவனத்திடம் கொடுங்கள். ஒலிபரப்புக் கட்டணம் கேட்டும் கடிதம் வரும். டிவி இல்லாவிட்டாலும் மாதம் 18.36 யூரோ கட்டியாக வேண்டும். அது வீட்டுக்கு ஒன்றுதான். இருவர் பெயரிலும் வந்தால் ஒருவர் கட்டி, மற்றவர் அந்தக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினால் போதும்.

வீட்டில் விளக்கு இருக்காது, கூரையிலிருந்து வயர்தான் தொங்கும். ஃபியூஸை இறக்கிவிட்டு, டெஸ்டரால் பார்த்த பிறகே கைவையுங்கள். இப்போதைய நிறங்களில் பழுப்பு மின்சாரம், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய கட்டடத்தில் நிறத்தை நம்பவே கூடாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மின் அடுப்பு இணைப்பும் அவர் வேலைதான். ஊரிலிருந்து கொண்டுபோன மிக்ஸி அங்கேயும் ஓடும், 230 வோல்ட்தான். பிளக்தான் பொருந்தாது. எர்த் தொடர்புள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள்.

நம் குடும்பங்கள் அதிகம் சிக்குவது பூஞ்சையில். இட்லி ஆவி, குக்கர், உள்ளே காயும் துணி எல்லாம் சேர்ந்து காற்றை ஈரமாக்கும். அந்த ஈரம் குளிர்ந்த வெளிச்சுவரில் நீராகப் படிந்து, கட்டிலுக்குப் பின்னால் கறுப்பாகப் பூக்கும். ஜன்னலை மேல்பக்கம் மட்டும் சாய்த்து நாள் முழுக்க வைப்பது தீர்வல்ல. காற்று குறைவாகவே மாறும், ஜன்னலைச் சுற்றிய சுவர்தான் சில்லிட்டுப்போய் அங்கேயே பூஞ்சை பிடிக்கும். ஹீட்டரை அணைத்து, எதிரெதிர் ஜன்னல்களை முழுதாகத் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள். காலை, மாலை, சமைத்த பின், குளித்த பின் என்று பழக்கமாக்குங்கள். அலமாரிக்கும் வெளிச்சுவருக்கும் இடையே 5 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். 15 யூரோவுக்குள் கிடைக்கும் ஈரமானி ஒன்றை மாட்டி, 60 சதவீதத்தைத் தாண்டினால் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

படுக்கையறை ஹீட்டரை அணைத்துவிட்டு, கூடத்துச் சூடு வரட்டும் என்று கதவைத் திறந்து வைப்பதும் தவறு. கூடத்து ஈரமெல்லாம் அந்தக் குளிர்ந்த அறையில் போய்ப் படியும். எல்லா அறையிலும் ஹீட்டர் திருகியை எண் 3-இல் வையுங்கள், ஏறக்குறைய 20 டிகிரி. 5-இல் வைத்தால் வேகமாகச் சூடாகாது, அளவுக்கு மேல் சூடாகும், அவ்வளவுதான்.

அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கி காற்றை வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். கரி வடிகட்டி வழியே காற்றைத் திரும்ப உள்ளேயே விடும் வகை எண்ணெய்ப் பிசுக்கையும் வாசனையையும் குறைக்கும், ஆவியைக் குறைக்காது. தாளிக்கும்போது நடைபாதைக் கதவைச் சாத்தி, சமையலறை ஜன்னலைத் திறங்கள். கதவு திறந்திருந்தால் நடைபாதைப் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். அது தொல்லை என்று கழற்றி வைக்காதீர்கள், அது சட்டப்படி அங்கே இருந்தாக வேண்டியது, உங்கள் உயிருக்கும் அதுதான் காவல்.

மசாலா அரைப்பதையும் சுவரில் துளையிடுவதையும் சனிக்கிழமை பகலிலேயே முடித்துவிடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறு முழுவதும் அமைதி நேரம்.